எழுதி வைக்கும் ஊர்

காஞ்சிபுரம் என்னிடம் முதலில் வந்து சேர்ந்தது ஓர் அஞ்சல்தலையாக. 2009 டிசம்பரில் இந்திய அஞ்சல்துறை மரபு நெசவுகளுக்காக நான்கு தலைகளை வெளியிட்டது. கலம்காரி, அருணாசலப் பிரதேசத்தின் அபதானி நெசவு, பனாரஸ் பட்டு, நான்காவதாகக் காஞ்சிபுரம் பட்டு. அதே ஆண்டில் அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு நினைவாக ஓர் ஐந்து ரூபாய் நாணயமும் வந்தது. அதில் அவருடைய உருவத்தோடு அவர் தமிழில் போட்ட கையெழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1970-இல் வெளியான அண்ணா அஞ்சல்தலை, உறையோடு சேர்த்து, அப்பாவின் சேகரிப்பிலிருந்து எனக்கு வந்தது. மூன்றையும் ஒரே பக்கத்தில் ஒட்டிவைத்தபோதுதான் மூன்றும் ஒரே ஊரைச் சேர்ந்தவை என்பது உறைத்தது.

ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வீட்டில் காலையில் 'தமிழ் நேசன்' நாளிதழ் வரும், மாலையில் வானொலி பாடும், எப்போதாவது ஊரிலிருந்து கடிதம் வரும். கடிதத்தை அம்மா படிப்பார், உறை எனக்கு. கையகலம்கூட இல்லாத ஒரு தாளில் ஒரு நாடு தன்னைப் பற்றி எதைச் சொல்ல ஆசைப்படுகிறது என்று பார்ப்பதில் எனக்கு அன்று தொடங்கிய ஈடுபாடு இன்னும் தீரவில்லை. காஞ்சிக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் வந்து போகும். கடைசியில் போயே விட்டேன்.

போவதற்கு முன் பெரும்பாணாற்றுப்படையை எடுத்து மறுபடி படித்தேன். தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்குக் கச்சிக்கு வழி சொல்லும் ஐந்நூறு அடிப் பாட்டு. எந்த நிலத்தைக் கடப்பாய், அங்கே யார் இருப்பார்கள், என்ன உண்ணத் தருவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறான். தமிழில் பயணக் கட்டுரை என்பது இப்படித்தான் பிறந்திருக்கிறது. பார்த்தவருக்கு, பார்க்காதவரிடம் சொல்லும் கடமை உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங்கும் காஞ்சியைப் பார்த்துவிட்டு நூறு பௌத்த மடங்களையும் பத்தாயிரம் துறவிகளையும் பற்றி எழுதி வைத்தார். அந்த மடங்கள் இன்று இல்லை. அவர் எழுதியது இருக்கிறது.

சென்னையிலிருந்து விடியுமுன் கிளம்பினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். ஸ்ரீபெரும்புதூரை நெருங்கும்போது எதிர்ச்சாரியில் வரிசையாகக் கம்பெனிப் பேருந்துகள். ஜன்னல் ஓரங்களில் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி தூங்கி வழியும் இளம் முகங்கள். கார் ஆலைகளுக்கும் கைப்பேசி ஆலைகளுக்கும் போகிறவர்கள். அவர்களில் எத்தனை பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அன்று பகலிலேயே யோசிக்க நேர்ந்தது.

பிள்ளையார்பாளையத்தில் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. தெருவின் நீளத்துக்கு ஒரு பாவு விரிந்துகிடந்தது. ஆயிரக்கணக்கான பட்டிழைகள், இழுத்துக் கட்டிய இரு முனைகளுக்கு நடுவே, மார்பு உயரத்தில், அரக்குச் சிவப்பாக நின்றன. நாலைந்து பேர் இருபக்கமும் நடந்தபடி கஞ்சி தெளித்து, இழைகளை நீவி, அறுந்த இடத்தை விரல் நுனியால் முடிந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறினால் இழை விறைத்துவிடும், அதனால்தான் விடியற்காலை. மிதிவண்டியில் வந்த பால்காரர் இறங்கிச் சுவரோரமாக உருட்டிக்கொண்டு போனார். ஒரு பாவு மூன்று புடவைக்கு ஆகுமாம். மூன்று கல்யாணங்கள் அந்தத் தெருவில் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

அங்கிருந்து மேற்கே நடந்தால் வீடுகள் குறைந்து புல்வெளியின் நடுவே கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எழுப்பியது. அடித்தளம் கருங்கல், மேலே முழுவதும் மணற்கல். கல்லின் நிறம் காலை வெயிலில் தேனாகிறது. சுற்றுச்சுவரை ஒட்டி 58 சிறு சந்நிதிகள், ஒவ்வொன்றும் ஒரு முழுக் கோயில் போல. அவற்றின் மேல் இராஜசிம்மனின் விருதுப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சிவசூடாமணி, ஆகமப்பிரியன், வீணாநாரதன் என்று இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். அதைவிட வியப்பு, அதே பெயர்கள் அடுத்தடுத்த வரிசைகளில் வேறு வேறு எழுத்து வகைகளில் திரும்ப வெட்டப்பட்டிருப்பது. ஒன்றில் பல்லவ கிரந்தம், ஒன்றில் நாகரி, ஒன்றில் கொடியும் வளைவுமாக அலங்கரித்த எழுத்து. எந்த ஊரிலிருந்து எவர் வந்தாலும் படிக்கட்டும் என்று நினைத்த ஓர் அரசன். எழுத்தின் அழகிலேயே மனம் பறிகொடுத்த சிற்பிகள்.

இந்தச் சந்நிதிகளின் உள்ளே சுண்ணத்துக்கு அடியில் பல்லவர் கால ஓவியம் மறைந்திருப்பதைப் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் 1931-இல் கண்டுபிடித்தார். இன்று எஞ்சியிருப்பவை துண்டுகள். ஒரு கண், ஒரு தோள்வளைவு, ஆடையின் ஒரு மடிப்பு. குனிந்து, கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு பார்க்கவேண்டும். அந்த ஆடை மடிப்பில் கரை இருக்கிறது. பிள்ளையார்பாளையத்துத் தெருவிலிருந்து நடந்து வந்த எனக்கு அந்தக் கரையைத் தாண்டிக் கண் போகவில்லை.

முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டியது. இக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவர்ந்து செல்லாமல் திருப்பிக் கொடுத்ததாக அது சொல்கிறது. தோற்ற ஊரின் கோயிலிலேயே, வென்றவன் தன் மொழியில், எடுக்காமல் விட்டதைப் பதிவு செய்கிறான். அவனுடைய பட்டத்தரசி லோகமகாதேவி, அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் கைலாசநாதரின் சாயல் தெரிகிறது என்பார்கள் கலை வரலாற்றாசிரியர்கள். பட்டடக்கல் இன்று உலகப் பாரம்பரியக் களம். படையெடுத்து வந்தவர்கள் காஞ்சியிலிருந்து கொண்டுபோன மிகப் பெரிய பொருள் ஒரு கட்டடக்கலை. அது போனதால் இங்கே எதுவும் குறையவில்லை.

ஆனால் காஞ்சியில் என்னை நிற்கவைத்த இடம் வைகுண்டப் பெருமாள் கோயில். பரமேச்சுர விண்ணகரம் என்று ஆழ்வார் பாடிய தலம். மூன்று அடுக்கில் நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள். கருவறையைச் சுற்றி வரும் திருச்சுற்று மண்டபத்தின் சுவர் முழுக்க, பட்டை பட்டையாக, பல்லவர்களின் வரலாறு செதுக்கப்பட்டிருக்கிறது. தெய்வக் கதைகள் நிறைந்த நாட்டில் ஓர் அரச மரபின் நடப்பைக் கால வரிசையில், காட்சி காட்சியாகக் கல்லில் சொல்லியிருக்கும் இடம் இது. முடிசூட்டு விழா, படையெடுப்பு, யானைப்போர், தூது, அவை, மறுபடியும் முடிசூட்டு விழா.

இதில் ஒரு கதை உண்டு. பல்லவ மன்னன் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் பட்டத்துக்கு ஆளில்லை. அமைச்சர்களும் கடிகை என்ற கல்விச்சாலையாரும் ஊர்ப் பெருமக்களும் சேர்ந்து தொலைவில் இருந்த இரணியவர்மனிடம் போகிறார்கள். பல்லவ மரபின் கிளை ஒன்றைச் சேர்ந்தவர் அவர். மூத்த மகன்கள் வர மறுக்கிறார்கள். கடைசி மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், நான் போகிறேன் என்கிறான். தந்தை தயங்குகிறார், பிறகு அனுப்புகிறார். மலையும் ஆறும் காடும் கடந்து அந்தப் பிள்ளை காஞ்சிக்கு வருகிறான். ஊர் எதிர்கொண்டு அழைத்து முடிசூட்டுகிறது. அவன்தான் இரண்டாம் நந்திவர்மன், பல்லவமல்லன்; இந்தக் கோயிலைக் கட்டியவன். சிற்பங்களோடு சேர்ந்த கல்வெட்டு இந்தக் காட்சிகளை வாசகமாகவும் சொல்கிறது. படமும் படவிளக்கமும் சேர்ந்து நிற்கும் பத்திரிகைப் பக்கம் அது. அதிலும் கவனிக்கவேண்டியது, பிறப்பால் நேரடி உரிமை இல்லாத ஒருவன், தன்னை இந்த ஊர்தான் தேடி வந்து அழைத்தது என்பதை மறைக்காமல், அதையே தன் உரிமைக்குச் சான்றாகச் சுவரில் ஏற்றியிருக்கிறான்.

மணற்கல் காற்றைத் தாங்காது. பல முகங்கள் உதிர்ந்துவிட்டன. சில பட்டைகளில் நிற்பது அரசனா தூதனா என்று சொல்ல முடியாது. இவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்துக் கோவையாக்கியவர் டாக்டர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். பல்லவர் கால ஆட்சியையும் சமூக வாழ்க்கையையும் பற்றிய அவருடைய நூல் 1938-இல் வெளிவந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றிய ஆய்வைத் தொல்லியல் துறை 1941-இல் வெளியிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1940-இல், முப்பத்தைந்து வயதுக்குள், மறைந்துவிட்டார். இன்று அந்தச் சுவரின் முன் நின்று யார் எந்தக் காட்சியைப் பற்றிப் பேசினாலும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம். அந்த மண்டபத்தில் அவருக்கு மனத்துக்குள் ஒரு வணக்கம் சொன்னேன். எழுதி வைத்தது மட்டும் போதாது, படிக்கும் ஒருவரும் காலத்தில் வந்து சேரவேண்டும் என்பதை அந்தச் சுவர் போல் எனக்கு எதுவும் சொன்னதில்லை.

பெரிய காஞ்சி, சின்னக் காஞ்சி போல, சமணர்களின் ஜினக் காஞ்சி என்றும் ஒன்று உண்டு. வேகவதி ஆற்றின் மறுகரையில் திருப்பருத்திக்குன்றம். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ஐ ஒட்டிக் கட்டினார். அதன் கூரையில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வரிசை வரிசையாக வண்ணத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் கீழே தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். பல்லக்குகள், ஆடல் மகளிர், ஊர்வலங்கள். அந்தப் பெண்களின் சேலைகளில் கட்டமும் கோடும் பூவும் மாறி மாறி வருகின்றன. எந்தத் துணிக்கடைப் பட்டியலும் இவ்வளவு நிதானமாகச் சேலைகளைப் பதிவு செய்திருக்காது.

பகலில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் அழைத்துப் போனார்கள். முன்கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி அழுத்தினால் விழுது ஏறி இறங்குகிறது. வலப்பக்கம் பெரியவர், இடப்பக்கம் அவருடைய மனைவி.

"எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார் பெரியவர், கையை நிறுத்தாமல்.

"மலேசியா, ஐயா. ஈப்போ."

"இதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் வந்தீங்க? அப்ப நல்லாப் பாருங்க. கிட்ட வந்து உட்காருங்க."

கோர்வை என்ற சொல்லைப் படித்திருக்கிறேன். அன்றுதான் அது நடப்பதைப் பார்த்தேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். பெரியவர் வலக்கரைக்கு ஒன்றை ஓட்டி, உடலுக்கு இன்னொன்றை ஓட்டுகிறார். இடக்கரைக்கு அந்த அம்மா மூன்றாவது நாடாவை உள்ளே விட்டுத் திருப்புகிறார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. பிறகு பலகை ஒரு தட்டு. மறுபடி மூன்று நாடா, மறுபடி ஒரு தட்டு. ஒரு புடவையின் முழு நீளத்துக்கும் இது நடக்கவேண்டும். இருவரில் ஒருவர் கவனம் பிசகினாலும் கரை பிரிந்து தெரியும். பத்து நாளும் ஆகும், வேலைப்பாட்டைப் பொறுத்து இருபது நாளைத் தாண்டியும் போகும்.

முந்தானைக்கு இன்னும் கடினமான வேலை. முந்தானை வேறு நிறமென்றால், பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுநிற இழை ஒன்றைப் பிணைக்கவேண்டும். பெட்னி என்கிறார்கள். பிணைத்த இடத்தில் இரண்டு நிறமும் கலந்த ஒரு சிறு பட்டை விழும். அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தே நல்ல காஞ்சிப் பட்டை அடையாளம் சொல்லும் பெண்களை ஈப்போவிலேயே பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் அப்படித் தடவுவார். எதைத் தடவினார் என்று இப்போதுதான் தெரிந்தது.

தறிக்கு மேலே ஜக்கார்டு. துளையிட்ட அட்டைகள் மாலைபோல் தொங்குகின்றன. எந்தத் துளையில் ஊசி இறங்குகிறதோ அதற்குரிய இழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் இழை கிடக்கும். 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய இந்த முறையிலிருந்துதான் துளை அட்டைக் கணிப்பொறிகள் வரை வழி போனது. அதற்கு முன்பு இங்கே 'அடை' என்ற முறை. வடிவத்தை நூலிலேயே முடிந்து, தறிக்கு மேலே கட்டி, துணையாள் ஒருவர் வரிசை பிசகாமல் இழுத்துக்கொடுப்பார். மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், யாளி, அன்னம், இருதலைப்பட்சி, கோபுரக்கரை எல்லாம் அந்த முடிச்சுகளில் எழுதப்பட்டிருந்தன. நூலில் எழுதி, நூலால் படித்திருக்கிறார்கள்.

எங்கள் மலேசியாவில் திரங்கானுவிலும் கிளந்தானிலும் சொங்கெட் நெய்வதை நெருங்கி நின்று பார்த்திருக்கிறேன். அங்கும் பொன்னிழையைக் கூடுதல் ஊடையாகக் கோத்து, பூவையும் நட்சத்திரத்தையும் எழுப்புகிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடல் கடந்த இரண்டு கரைகளில், வேறு மொழி, வேறு சமயம், வேறு திருமணச் சடங்கு. ஆனால் மணநாளில் உடல்மேல் பொன்னிழை ஓடவேண்டும் என்ற ஆசை ஒன்றே. இதைப் பெரியவரிடம் சொன்னேன். கைப்பேசியில் இருந்த சொங்கெட் படத்தைக் காட்டினேன். நாடாவைக் கீழே வைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தார். "நம்ம வேலைதான் இது. ஜரிகை எங்கேருந்து வாங்குறாங்க?" என்று கேட்டார்.

ஜரிகைதான் இங்கே எல்லாவற்றின் கணக்கும். முன்பு சூரத்தை நம்பியிருந்தார்கள். 1971-இல் தமிழ்நாடு அரசு காஞ்சியிலேயே ஜரிகை ஆலை தொடங்கியது. பட்டு நூலின் மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றி, பொன்முலாம் பூசுகிறார்கள். கூட்டுறவுச் சங்கப் புடவைகளின் ஜரிகையில் வெள்ளி 40 விழுக்காடு, தங்கம் அரை விழுக்காடு, மீதி செம்பும் பட்டும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறியில் நெய்து, பாலியஸ்டர் ஜரிகை போட்டு, இதே பெயரில் விற்பவை கடைகளில் நிற்கின்றன.

ஜரிகைக்கு மதிப்பு இருப்பதால் ஒரு வருத்தமான விஷயமும் நடக்கிறது. பழைய பட்டுப்புடவைகளை வாங்கி எரித்து வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார்கள். ஐம்பது, அறுபது ஆண்டுப் புடவை தீயில் போகும்போது அதிலிருந்த கரையும் பூவும் சேர்ந்து போகின்றன. பெரியவர் வீட்டு அலமாரியில் அப்படித் தப்பிய கிழிந்த துண்டுகள் அடுக்கியிருந்தன. யாரோ எரிக்கக் கொண்டுபோனதில் கரைப்பகுதியை மட்டும் வெட்டி வாங்கி வைத்தவை. ஒரு துண்டை எடுத்து விரித்தார். தாழம்பூ ரேக்கு. அதைக் கண்ணாடி வைத்து எண்ணி, வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக ஏற்றி, அட்டை குத்திக்கொண்டு வந்து மறுபடி நெய்திருக்கிறார். துண்டையும் புதுப் புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மீனாட்சி சுவரில் செய்ததை இவர் துணியில் செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் அஞ்சல்தலைகளை ஆல்பத்தில் வைப்பது வெறும் சேகரிப்பு. இவர் செய்வது அதைவிடப் பெரிது. அழிந்துகொண்டிருப்பதைப் படித்து மறுபடி செய்கிறார். மரபைக் காப்பது என்றால் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பேச்சு சினிமாவுக்குப் போனது. பிரியதர்சன் இயக்கிய 'காஞ்சிவரம்' படத்தில் பிரகாஷ்ராஜ் நடித்த நெசவாளர், மகளின் கல்யாணப் புடவைக்காகப் பட்டிழையை வாயில் மறைத்து எடுத்து வருவார். 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமும் சிறந்த நடிகரும் அந்தப் படத்துக்கே. "அந்தக் காலத்துல எங்க அப்பா தலைமுறை அப்படிக் கஷ்டப்பட்டது உண்மைதான்மா. ஆனா படம் பார்க்கிறவங்க அழுதுட்டுப் போயிடுறாங்க. நாங்க மறுநாள் தறியில உட்காரணும்" என்றார் அந்த அம்மா. அவர்களுடைய மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனியில் இருக்கிறார். காலையில் நான் பார்த்த பேருந்துகளில் ஒன்றில் போயிருப்பார். மாதச் சம்பளம், விடுப்பு, சேமநல நிதி எல்லாம் உண்டு. பெற்றோர் அதில் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. தறியில் உட்காருபவருக்கும் அதே அளவு உறுதியான வருமானம் கிடைக்கவேண்டும் என்று கேட்கவே நமக்கு உரிமை உண்டு.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு நீலப் புடவையை எடுத்துக் காட்டி, "இது எம்.எஸ். ப்ளூ. தெரியுமா?" என்றார். தெரியாமலா? காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உருவாக்கிய நிறம். எங்கள் வீட்டு வானொலியில் எம்.எஸ். குரல் வரும், நிறம் வராது. நெசவுக்கூடத்தின் சாயத்தொட்டியில் பிறந்த ஒரு நிறம் மேடையேறி, பத்திரிகை அட்டைகளில் பரவி, ஒரு பாடகியின் பெயராலேயே உலகம் முழுவதும் தமிழ்ப் பெண்கள் கடையில் கேட்கும் நிறமானது. 2005-இல் அவர் நினைவாக வந்த அஞ்சல்தலை என்னிடம் இருக்கிறது. அதைக் காஞ்சிப் பக்கத்துக்கு மாற்றலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அறிஞர் அண்ணா பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. 1909 செப்டம்பர் 15-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். இந்த ஊர் நகராட்சியில் சிறிது காலம் எழுத்தராக இருந்தார். பச்சையப்பன் பள்ளியில் கற்பித்தார். 1942-இல் 'திராவிட நாடு' வார இதழைக் காஞ்சியிலிருந்தே தொடங்கினார். சென்னை பக்கத்திலேயே இருந்தும், அச்சையும் வாசகனையும் தன் ஊரிலிருந்தே தேடிக்கொண்டார். 1955 முதல் அதில் 'தம்பிக்கு' எழுதிய கடிதங்கள் ஒரு தலைமுறைக்கு அரசியலையும் வரலாற்றையும் தமிழ் உரைநடையையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தன. பிறகு வந்த இதழுக்கு 'காஞ்சி' என்றே பெயர் வைத்தார்.

1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் பட்டினியில் வாடியபோது, அவரும் இயக்கத்தவரும் துணி மூட்டையைச் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். எழுதியதோடு நிற்காமல் தோளில் சுமந்த அந்தச் செயலை நினைத்தபடியே அந்தச் சிறிய கூடத்தில் நின்றேன். 1967-இல் முதலமைச்சரானார். அந்த ஆண்டு ஜூலை 18-இல் சட்டமன்றம் சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டத் தீர்மானித்தது. 1969 ஜனவரி 14-இல் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று வாரம்கூட ஆகாமல், பிப்ரவரி 3-இல், அண்ணா மறைந்தார். இன்று காஞ்சியின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

'திராவிட நாடு', 'காஞ்சி' இதழ்களின் பக்கங்களைப் பார்க்கும்போது 'தமிழ் நேசன்' நினைவு வந்தது. 1924-இல் தொடங்கி, எங்கள் பெற்றோரின் காலையாக இருந்த நாளிதழ் 2019-இன் தொடக்கத்தில் நின்றுபோனது. நிற்கும்வரை அது வீட்டுக்கு வரும் என்றே நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு நாளிதழ் நிற்கும்போது செய்தி நின்றுவிடுவதில்லை. ஒரு சமூகம் தன்னைத் தானே தினமும் எழுதிக்கொண்ட பழக்கம் நிற்கிறது. காஞ்சியில் அந்தப் பழக்கம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஏதாவது ஒரு பொருளின் மேல் தொடர்ந்திருக்கிறது. கல் ஓய்ந்தால் சுதை, சுதை ஓய்ந்தால் நூல், நூலோடு சேர்ந்தே காகிதம்.

ஊருக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டர் அளவில் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை இங்கே சுவரில் வெட்டினார்கள். முப்பது குடும்புகள், அதாவது ஊர்ப் பிரிவுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்லவேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. கடந்த மூன்று ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவருக்கும் வாய்ப்பில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். உத்திரமேரூர்ச் சபை பிராமணர் ஊரின் சபை; பெண்களுக்கும் பிறருக்கும் அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். அப்படிப் படித்த பின்னும் அந்த ஒரு விதி என்னை விடவில்லை. கணக்குக் காட்டாதவன் ஊரை ஆளக் கூடாது. விதியை அதிகாரியின் பெட்டியில் பூட்டாமல், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கும் சுவரில் வெட்டி வைத்தார்கள். பொதுவாழ்வின் நேர்மைக்கு இதுவே முதல் படி.

கடைசியாக வரதராஜப் பெருமாள் கோயில். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வார்த்த இட்லி, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க, பிரசாதமாகக் கிடைத்தது. நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் தொங்கும் கல்சங்கிலிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு அனந்தசரஸ் குளத்தருகே வந்தேன். அத்திமரத்தில் செய்த பெருமாள் இந்தக் குளத்துக்குள் இருக்கிறார். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளி நாற்பத்தெட்டு நாள் காட்சி தருவார். 1979-இல் வந்தார். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வந்தார். முதலில் கிடந்த கோலம், பிறகு நின்ற கோலம், நாளுக்கொரு பட்டு. அடுத்தது 2059.

நாற்பது ஆண்டுக்கு அப்பால் ஒரு நாளைக் குறித்து வைத்துவிட்டு அமைதியாக அன்றாட வேலையைப் பார்க்கும் ஊர் வேறு எங்கே இருக்கிறது? பக்தி உள்ளவருக்கு அது பெருமாளின் நாள். எனக்கு அது ஒரு கெடுவாகவும் தெரிகிறது. அன்று அவருக்குச் சாத்தும் பட்டைக் கோர்வையில் நெய்ய, மூன்று நாடாவையும் ஓட்டத் தெரிந்த இருவராவது பிள்ளையார்பாளையத்தில் இருக்கவேண்டும். இப்போது இருபது வயதில் இருக்கும் ஒருவர் அன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். அவர் இன்றே தறியில் உட்காரவேண்டும். அந்த வேலை அவருக்குச் சோறு போடவேண்டும். புடவை வாங்குகிற நாம் கோர்வையா என்று கேட்டு வாங்கவேண்டும். நெய்தவருக்கு என்ன கிடைத்தது என்றும் கடைக்காரரிடம் கேட்கவேண்டும். 2059-க்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரு நல்ல நெசவாளர் உருவாக அவ்வளவு காலம் வேண்டும்.